வலிதாக்கலுக்கு முந்தைய கட்டம்: ‘முன்சீராக்கம்’ எனும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்புடையீர்,

இணையச் செயலிக்குப் பயனர் அனுப்பும் கோரிக்கையோடு வரும் தரவை வலிதாக்கலுக்கு, அதாவது அது விதிகளுக்கு இணங்குகிறதா என்ற சோதனைக்கு, முன்னரே மாற்றியமைக்கும் கட்டத்துக்கு முன்வைக்கப்பட்ட ‘முன்திருத்தம்’, ‘முன்பதப்படுத்தல்’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘முன்சீராக்கம்’ என்பதை முன்மொழிகிறேன்.

திருத்தம் என்றால் அங்கே பிழை இருந்தது என்றாகிவிடும். பயனர் பிழை விட்டாரா என்று தீர்மானிப்பது வலிதாக்கலின் வேலையேயன்றி, அதற்கு முந்தைய கட்டத்தின் வேலையன்று. பதப்படுத்தல் என்றதும் இலங்கை மலையகத்தில் எவருக்கும் தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, நொதிக்கவிடும் தொழிற்சாலை வேலைதான் நினைவுக்கு வரும். அங்கே பொருளே வேறாகிவிடுகிறது.

உதவித்தொகைப் படிவம் ஒன்றில், ஊர்ப்பெயர் நமது பட்டியலில் உள்ளதா என்று சோதிப்பதாகக் கொள்வோம். ‘கொட்டகலை’ என்பதிலுள்ள ஒகரக் குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே என்றாலும், குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள் என்பதால், தன் ஊரைச் சரியாகவே எழுதிய மாணவியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிடும். இத்தகைய இரு குறியீடுகளை ஒன்றாக்கும் யுனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பின்னர் சோதித்தால் இந்த அநீதி நேராது. இங்கே எதுவும் திருத்தப்படவில்லை. வடிவம் சீரானது, அவ்வளவே.

இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண்ணில் எல்லைக்கோடு இன்னும் தெளிவாகிறது. பழைய எண்ணின் இறுதியில் ஆங்கிலச் சிறிய ‘வீ’ எழுத்து வந்தால் அதைப் பெரிய எழுத்தாக்குவது முன்சீராக்கம். ஆனால், முன்னே 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் பூச்சியமிட்டு, இறுதி எழுத்தை நீக்கி 12 இலக்க எண்ணாக்குவதை இச்சொல்லுக்குள் அடக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விண்ணப்பதாரர் தந்த எண்ணையே முதலில் சோதிக்க வேண்டும். புதிய எண்ணாக மாற்றுவது அதன் பின்னரே நிகழ வேண்டும்.

இணையச் செயலிகளைக் கட்டமைக்க உதவும் சட்டகமான லாரவெல்லில் இதற்கான செயற்கூற்றின் பெயரே ‘வலிதாக்கலுக்கு ஆயத்தப்படுத்து’ என்று பொருள்படுவது. அத்தகைய இன்னொரு சட்டகமான ஃபாஸ்டிஃபையில், குறித்த கட்டத்தில் நமது நிரலை இயக்க இடமளிக்கும் கொக்கிகள் உண்டு. அவற்றுள் பிரீவேலிடேஷன் கொக்கி இயங்கும் வேளையில் கோரிக்கையின் உடல், அதாவது அதிலுள்ள தரவு, ஏற்கனவே பகுக்கப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய பிரீபார்சிங் கொக்கியில் கிடைப்பது பகுக்கப்படாத தரவோடை மட்டுமே. ஆகையால் இவ்விரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் குறிப்பது தவறு. பின்னதற்கு ‘பகுப்புமுன் கொக்கி’ என்றும், நாம் பேசும் கட்டத்துக்கு ‘முன்சீராக்கக் கொக்கி’ என்றும், வினையாக ‘முன்சீராக்கு’ என்றும் கொள்ளலாம்.