வெளிச் சமையலறை: இப்போதே கட்டிடலாமா, கொஞ்சம் பொறுக்கணுமா?

பின்வாசல்:
வீட்டுக்குப் பின்னால் 12 அடிக்கு 8 அடி இடம் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு வெளிச் சமையலறை கட்டப் போகிறோம். செங்கல் சுவரில் மேடை, மேலே கிரானைட், ஒரு கோடியில் கேஸ் அடுப்பு, மறு கோடியில் விறகடுப்பு, நடுவில் சிங்க், தலைக்கு மேல் தகரக் கூரை. உள்ளே எண்ணெய் காய்ந்தாலே வீடு முழுக்க நெடி அடிக்கிறது, அம்மாவுக்கு மூச்சிரைப்பு வேறு. அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

கூரைநிழல்:
தயவுசெய்து கொத்தனாரை நிறுத்தி வையுங்கள். மூன்று வருடம் முன்பு இதே அவசரத்தில் நானும் கட்டினேன். அடுப்பு மேற்குப் பக்கம் அமைந்தது. சாயங்காலம் சமைக்க நின்றால் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்றே தெரியாது, வெளிச்சத்தில் நீலத் தீ கண்ணுக்குத் தெரிவதில்லை. புகை முழுவதும் படுக்கையறை ஜன்னலுக்குள். கடைசியில் பாதி மேடையை உடைத்துத்தான் இடம் மாற்றினோம். ஒரு உறுதியான மேசை, ஒரு அடுப்பு, இவ்வளவு போதும். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் அதிலேயே சமைத்துப் பாருங்கள். எங்கே கட்ட வேண்டும் என்று அந்த இடமே சொல்லிவிடும்.

கரணை:
சார், உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா மேசை யோசனை எனக்குச் சரியாப் படல. கொதிக்கிற எண்ணெயோட பெரிய பாத்திரத்தை ஆடுற மேசை மேல வைக்கிறதா? கேஸ் டியூப் தரையில கிடக்கும், யாராவது கால் தடுக்குவாங்க. உள்ளேயிருந்து தண்ணி சுமக்கணும், கழுவ மறுபடி உள்ள போகணும். ரெண்டே மாசத்துல சலிச்சுப்போயி எல்லாரும் பழைய அடுப்புக்கே திரும்பிடுவாங்க. நெடிக்காகத்தானே இந்த வேலையே? நான் கட்டட வேலை பாக்கிறவன். தற்காலிகம்னு போட்டதெல்லாம் அப்படியே நின்னுபோனதைத்தான் அதிகம் பாத்திருக்கேன்.

கூரைநிழல்:
சலித்துப்போனால் அதுவும் ஒரு பதில்தானே? கல்லும் சிமெண்டும் போட்ட பிறகு சலித்தால் என்ன செய்வது?

கம்பிவேலை:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பின்வாசல், சிலிண்டரை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

பின்வாசல்:
மேடைக்கு அடியில். பார்வைக்கு அசிங்கமாக இருக்கக் கூடாதென்று நான்கு பக்கமும் மூடிக் கதவு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கம்பிவேலை:
அதை முதலில் மாற்றுங்கள். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு, காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். திறந்தவெளிதானே என்று நினைப்போம், ஆனால் நான்கு பக்கமும் மூடிய அறைக்குள் அது திறந்தவெளி இல்லை. ஒரு பொறி போதும். தரையை ஒட்டி, எதிரெதிர் சுவர்களில் காற்றுத் துளைகள் வேண்டும். பலர் மேலே மட்டும் ஓட்டை ஓட்டையான ஜாலிக் கல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, அதற்குத்தான் மேல்துளை.

இன்னொன்று. சிங்கின் கழிவுக்குழி சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. கசிந்த வாயு குழியைத் தேடி இறங்கும்.

மின்சாரத்துக்கு தூசியும் தெறிக்கும் தண்ணீரும் புகாதபடி வெளிப்புறத்துக்கென்றே வரும் ஐபி65 தரப் பெட்டி, கூடவே மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி. ஈரக் கையோடு நிற்கும் இடம் அது.

கரணை:
இதை அப்படியே ஒத்துக்கிறேன். நானே ஒரு காலத்துல மேல்துளை மட்டும் விட்டிருக்கேன்.

சாம்பல்:
எனக்கு இன்னொரு சந்தேகம். அம்மாவுக்கு மூச்சிரைப்பு என்று சொல்லிவிட்டு விறகடுப்பும் வைப்பதா? விறகுப் புகையின் நுண்துகள் எண்ணெய் நெடியைவிட மோசம். வெளியே எரித்தாலும் காற்று திரும்பினால் ஜன்னல் வழியாக உள்ளேதான் வரும்.

பின்வாசல்:
அது என் ஆசை. நெருப்பைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சமைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. விட மனம் வரவில்லை. புகைபோக்கி வைத்தால் சரியாகாதா?

சாம்பல்:
கூரையைத் தாண்டி நல்ல உயரம் போனால் கொஞ்சம் சரியாகும். ஆனால் உங்கள் ஜன்னல் காற்று போகும் திசையில் இருந்தால் உயரம் மட்டும் போதாது.

கரணை:
விறகடுப்பு வைக்கிறதா இருந்தா தீ படுற இடத்துல சாதா சிமெண்ட் சாந்து வேண்டாம்க்கா. 300 டிகிரி தாண்டினா பலம் குறைய ஆரம்பிச்சிடும், அப்புறம் விரிசல்தான். சூடு தாங்குற தீச்செங்கல், அதுக்குன்னு வர்ற சாந்து போடுங்க. கட்டி முடிச்சதும் பெருந்தீ மூட்டாதீங்க. பல நாள் சின்னச் சின்னத் தீயா போட்டு ஈரத்தை வெளியேத்தணும். உள்ள மாட்டின ஈரம் ஆவியானா அடுப்பே பிளந்துடும்.

மேடைக்கு கிரானைட் சரி. கறுப்பு வேண்டாம், வெயில்ல கை வைக்க முடியாது. குவார்ட்ஸ்னு செயற்கைக் கல் காட்டுவாங்க, அதுல பிசின் கலந்திருக்கு, வெயில் பட்டா மஞ்சளாகும். கீழே பிளைவுட் கதவு வேண்டவே வேண்டாம், ஒரு மழைக்கு ஊதிடும். எவர்சில்வர்ல 304ங்கிற ரகம் போடுங்க, கடல் பக்கத்துல வீடுன்னா உப்புக் காத்தை இன்னும் நல்லாத் தாங்குற 316 ரகம்.

காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க மேசை போட்டு ஒரு வருஷம் பொறுக்க வேண்டாம். ஒரு கம்புல மெல்லிய துணியைக் கட்டி அடுப்பு வரப்போற ரெண்டு மூலையிலும் நடுங்க. காலை, மதியம், சாயங்காலம் எந்தப் பக்கம் பறக்குதுன்னு எழுதி வைங்க. மேடை அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அட்டைப்பெட்டியை மேடை உயரத்துக்கு அடுக்கி, வெறுங்கையோட அங்க நின்னு சமைக்கிற மாதிரி நடந்து பாருங்க. அடுப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டடி இடம் இருக்கான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

கூரைநிழல்:
துணி யோசனை நல்லது. ஆனால் பருவம் மாறினால் காற்றும் மாறும். அதனால் நான் சொன்னதில் பாதியையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்: இப்போது தளம் மட்டும் போடுங்கள். தண்ணீர் வடிய, வீட்டை விட்டு வெளிப்பக்கமாக 8 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு (வாட்டம்). சுவரும் கூரையும் ஒரு மழை பார்த்த பிறகு. சாய்ந்து அடிக்கும் மழையில் கூரை எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்று எந்த வரைபடமும் சொல்லாது.

பின்வாசல்:
கொத்தனாரைத் தள்ளி வரச் சொல்லிவிட்டு 9 நாள் துணி பார்த்தேன். காலையில் இரண்டு மூலையிலும் தோட்டத்துப் பக்கம் பறக்கிறது. சாயங்காலம் விறகடுப்பு மூலையில் நட்ட துணி மட்டும் ஒரு நாள் தவறாமல் அம்மாவின் ஜன்னலைப் பார்த்தே பறந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்காக விடாதே" என்றார்கள். அவர்கள் பேச்சை மீறித்தான் விட்டுவிட்டேன். விறகடுப்பு இல்லை.

அட்டைப்பெட்டியில் நின்று பார்த்ததில் சிங்க் நடுவில் வருவதும் தப்பென்று தெரிந்தது. அடுப்பிலிருந்து திரும்பினால் முழங்கை குழாயில் இடிக்கிறது. அதைச் சமையலறைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டேன், சிலிண்டர் மறு கோடிக்கு. இப்போதைக்குத் தளம் மட்டும்.

கூரைநிழல்:
மிக்க மகிழ்ச்சி.

கரணை:
சிங்க் குழாய்க்கும் ஒயருக்கும் இடத்தை இன்னைக்கே முடிவு பண்ணிடுங்க. நான் இன்னமும் மேடையையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம்னுதான் சொல்வேன். அது போகட்டும். கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி அடியில ரெண்டு காலிக் குழாய் தனித்தனியாப் போட்டு வைங்க, தண்ணிக்கு ஒண்ணு, ஒயருக்கு ஒண்ணு. ரெண்டு முனையிலும் மூடி போட்டு, எங்க இருக்குன்னு தளத்தோட அளவு எடுத்துப் போட்டோ பிடிச்சிக்கோங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் அதைத் தேடி நல்ல தளத்தைக் கொத்த வேண்டி வரும்.