பாடி மாறிய டூசன்பெர்க்குக்கு அசல் விலை கொடுக்கலாமா?

பழையஇரும்பு:
2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் கூடிங் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1935 டூசன்பெர்க் எஸ்எஸ்ஜே 2 கோடி டாலரில் படிந்தது. வாங்குபவர் கமிஷன் சேர்த்து 2 கோடியே 20 லட்சம். அமெரிக்கக் கார் எதுவும் அதற்கு முன் ஏலத்தில் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. எஸ்எஸ்ஜே என்பது டூசன்பெர்க் மாடல் ஜே-யின் தனி வகை, மொத்தமே இரண்டுதான், ஒன்று நடிகர் கேரி கூப்பரிடம் இருந்தது, இன்னொன்று கிளார்க் கேபிளிடம். எஞ்சின், சேஸி (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்), பாடி மூன்றும் ஆலையிலிருந்து ஒன்றாக வந்தவை, கடைசிவரை பிரியாதவை. அதனால் அந்த விலையில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை மற்ற மாடல் ஜே கார்களோடு. டூசன்பெர்க் கம்பெனி இன்டியானாபொலிஸில் செய்து விற்றது சேஸியும் எஞ்சினும்தான். 1928 டிசம்பரில் நியூயார்க்கில் காட்டியபோது வெறும் சேஸி 8,500 டாலர், ஃபோர்டு மாடல் ஏ 500 டாலர் சுமாருக்குக் கிடைத்த காலம். பாடியை மர்ஃபி, ரோல்ஸ்டன், ஜட்கின்ஸ், வில்லோபி என்று தனித்தனிப் பட்டறைகள் கட்டின. 1937-இல் கம்பெனி மூடியபின் இந்தக் கார்களைச் சீந்த ஆளில்லை. சில நூறு டாலருக்கே கைமாறின. அப்போது பழைய கார் வியாபாரிகள் நாலு கதவு மூடிய பாடியைக் கழற்றிவிட்டு, சீக்கிரம் விலைபோகும் திறந்த பாடியை மாட்டினார்கள். பிற்பாடு மர்ஃபி பாணியில் புதிதாகவே பாடி கட்டி ஏற்றியவர்களும் உண்டு. இன்றைக்கு அப்படிப்பட்ட கார் ஏலத்துக்கு வந்தால், தலைப்பில் பெரிதாக '1931 டூசன்பெர்க்' என்று இருக்கும், பாடி விஷயம் நாலாவது பத்தியில் ஒரு வரியாக வரும். இதைத் தலைப்பிலேயே போட வேண்டும், பாதி விலைக்குமேல் யாரும் கேட்கக்கூடாது என்பது என் கட்சி.

கிளட்ச்வயர்:
அண்ணா, முதல் பாதி சரி, இரண்டாம் பாதியை ஒத்துக்கொள்ள முடியாது. டூசன்பெர்க் விற்றது சேஸியை என்று நீங்களே சொல்லிவிட்டு, அந்தச் சேஸி அசலாக இருக்கும் காரைப் பாதி விலை என்கிறீர்கள். இந்தக் காரின் உயிர் எங்கே இருக்கிறது? 6.9 லிட்டர், நேர்வரிசை எட்டு சிலிண்டர், மேலே இரட்டை கேம்ஷாஃப்ட், 32 வால்வு, கம்பெனி சொன்ன கணக்கு 265 குதிரைத்திறன். அதே வருஷம் மாடல் ஏ-வில் 40. சேஸியின் மூட்டுகளுக்கெல்லாம் ஒரு பம்ப் தானே எண்ணெய் அனுப்பும், ஓட்டுநர் இறங்கிக் குனிய வேண்டாம். 700 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்று என்று டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும், 1,400 மைலில் பேட்டரித் தண்ணீரைப் பார் என்று இன்னொன்று. 1929-இல் ரோட்டில் ஓடிய வண்டியில்! இதையெல்லாம் மர்ஃபியும் செய்யவில்லை, ரோல்ஸ்டனும் செய்யவில்லை. கூரையை மாற்றிய வீட்டை வேறு வீடு என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம், பாடி மாற்றுவது வியாபாரி செய்த தில்லுமுல்லு மட்டும் இல்லை. கார் புதிதாக இருந்த காலத்திலேயே உரிமையாளர்கள் மாற்றியிருக்கிறார்கள். இந்தூர் ஹோல்கர் மகாராஜாவின் எஸ்ஜே (சூப்பர்சார்ஜர் வைத்த மாடல் ஜே) சேஸி அமெரிக்காவில் பிறந்தது, பாடி லண்டனில் கர்னி நட்டிங் கட்டியது. அதையும் பாதி விலை என்பீர்களா?

பழையஇரும்பு:
இந்தூர் கார் என் பக்கத்துச் சாட்சி தம்பி. மகாராஜா புதுச் சேஸிக்கு ஆர்டர் கொடுத்துக் கட்டிய முதல் பாடி அது. லண்டனில் கட்டினாலும் பாரிஸில் கட்டினாலும் முதல் பாடி முதல் பாடிதான். 1950-க்கு மேல் ஒருவர் தன் ஷெட்டில் தகடு வளைத்து மாட்டியதை அதோடு எப்படிச் சேர்ப்பது? கூரை உதாரணமும் நிற்காது, ஏலத்தில் கை தூக்குகிறவர்கள் பார்ப்பதே அந்தக் கூரையைத்தான். திறந்த மர்ஃபி பாடிக்கும் மூடிய லிமோசினுக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தைப் பாருங்கள். எஞ்சின் ஒன்றுதானே?

மிச்சிகன்தமிழன்:
இருவரும் ஆபர்ன், கார்ட், டூசன்பெர்க் என்ற மூன்று கார்களின் ஆர்வலர்களுக்கான ஆபர்ன் கார்ட் டூசன்பெர்க் கிளப்பை விட்டுவிட்டீர்கள். 1952-இல் தொடங்கியது. காரை நேரில் பரிசோதித்து, எது ஆலையில் போட்டது, எது பின்னால் வந்தது என்று தரம் பிரித்துச் சான்று தருகிறார்கள். காரின் அடிச்சட்டத்தில் அடித்த எண், 'ஜே' என்று தொடங்கும் எஞ்சின் எண், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு), பாடி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஃபயர்வாலில் இருக்கும் எண் தகட்டை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து, தகடு கழற்றி மாட்டக்கூடிய பொருள்.

இங்கிருந்து இன்டியானா பக்கம் என்பதால் ஆபர்ன் ஊரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போவேன், 1930-இல் கட்டிய ஆபர்ன் கம்பெனியின் ஷோரூமிலேயே இயங்குகிறது. அங்கே கற்றுக்கொண்டது: முதலில் நீளத்தைப் பார். மாடல் ஜே சட்டம் இரண்டு அளவில் வந்தது, சக்கர இடைவெளி 142.5 அங்குலம், 153.5 அங்குலம். நீளச் சட்டத்தில் லிமோசின் இருந்திருக்கும், அதில் குட்டி ரோட்ஸ்டர் (இரண்டு பேர் உட்காரும் திறந்த கார்) பாடியை உட்கார வைக்கச் சட்டத்தையே வெட்டி ஒட்டியவர்கள் உண்டு. அடியில் படுத்து டார்ச் அடித்தால், சட்டத்தின் பக்கவாட்டில் வெல்டிங் தேய்த்த இடம் மட்டும் கொஞ்சம் வழவழப்பாக, பெயின்ட் தடிப்பு வேறு மாதிரி இருக்கும். கிளட்ச்வயர் தம்பி, சேஸிதான் உயிர் என்றால் இந்தக் காருக்கு என்ன சொல்வீர்கள்?

கிளட்ச்வயர்:
சட்டத்தை வெட்டியிருந்தால் நான் உங்கள் கட்சி. அதற்குக் குறைந்த விலைதான் நியாயம். ஆனால் சட்டத்தில் கைவைக்காமல், அந்தக் காலத்து ஒரு மர்ஃபி பாடி இன்னொரு ஜே-யிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது, கிளப் சான்றில் அது எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஏன் பாதி?

நெடுஞ்சாலை:
நீங்கள் எல்லாரும் விலையையே பேசுகிறீர்கள். அந்த எஸ்எஸ்ஜே பல வருஷம் பிரிக்ஸ் கன்னிங்ஹாமிடம் இருந்தது, கலிஃபோர்னியாவில் கோஸ்டா மெசாவில் பொதுமக்களுக்கு அருங்காட்சியகம் நடத்தியவர். 1986-இல் அவர் சேகரிப்பை மைல்ஸ் காலியர் வாங்கினார், 2018-இல் அவரிடமிருந்துதான் ஏலத்துக்கு வந்தது. இனி அதைப் பார்க்க வேண்டுமானால் யாரோ ஒரு கோடீஸ்வரர் மனது வைத்து வெளியே கொண்டுவர வேண்டும். பாடி அசலாக இருந்து யாருக்கு என்ன பயன்? இப்படிப்பட்ட காரை ஏலத்துக்கே விடக்கூடாது.

பழையஇரும்பு:
இந்த இடத்தில் நான் ஏலத்தின் பக்கம். மலிவாக இருந்த நாளில்தான் இந்தக் கார்களைச் சிதைத்தார்கள். மொத்தம் 480 சொச்சம் மாடல் ஜே செய்தார்கள், முக்கால்வாசிக்குக் குறையாமல் இன்றும் இருக்கின்றன, அந்தக் காலத்துக் காருக்கு இது பெரிய விஷயம். விலை ஏறியதால்தான் யாரும் இவற்றைக் காயலான் கடைக்குத் தள்ளவில்லை. அதனால்தான் அந்த விலை எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பது முக்கியம் என்கிறேன்.

கிளட்ச்வயரின் கேள்விக்கு வருகிறேன். ஏன் பாதி? இன்னொரு ஜே-யிலிருந்து மர்ஃபி பாடி வந்தது என்றால், இந்தச் சேஸியின் மேல் முதலில் இருந்த பாடி எங்கே போனது? ஜட்கின்ஸ் கட்டிய செடானாக இருக்கலாம், வில்லோபி லிமோசினாக இருக்கலாம். மரச்சட்டம் இழைத்து, அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகக் கட்டியதைக் கழற்றி வெளியில் எறிந்தார்கள். மாற்றிய காருக்கும் மாற்றாத காருக்கும் ஒரே விலை கொடுத்தால், இன்றைக்கும் ஒரு நல்ல லிமோசினை வாங்கிப் பாடியைக் கழற்றிவிட்டு ரோட்ஸ்டர் மாட்டி விற்பதில் லாபம் இருக்கும்.

கிளட்ச்வயர்:
இந்த லாபக் கணக்கு எனக்கு உறைக்கிறது. தலைப்பில் போடுவதற்கு நானும் கை தூக்குகிறேன், அதில் விவாதமே வேண்டாம். ஆனால் 1940-இல் எவனோ செய்ததற்கு இன்றைய காருக்குத் தண்டனை விதிக்காதீர்கள். எழுபது, எண்பது வருஷமாக அந்தப் பாடியும் அந்தச் சேஸியும் சேர்ந்து ஓடியிருக்கின்றன, அந்த வருஷங்களுக்கும் ஒரு மதிப்பு உண்டு. இன்றைக்கு வெட்டுகிறவன் காருக்குப் பாதி என்ன, கால் விலை போடுங்கள், நான் கேட்கமாட்டேன்.

மிச்சிகன்தமிழன்:
பெப்பிள் பீச் ஏலத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. கேட்லாக் விவரணையை மட்டும் படிக்காமல் கிளப் சான்று எந்த வருஷம் எடுத்தது என்று கேளுங்கள். சான்றுக்குப் பிறகு காரில் ஏதாவது மாறியிருந்தால் அந்தக் காகிதம் பழைய காரைப் பற்றியது.

நெடுஞ்சாலை:
சரி, சான்று வாங்கியாகிவிட்டது, தலைப்பிலும் போட்டாகிவிட்டது. நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வாங்கியவர் பூட்டி வைத்தால் என்ன செய்வீர்கள்?