மூடி திறந்திருக்கவே கூடாது

இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆனது. வலது முன்கையில் இன்னமும் தோல் இழுக்கிறது, அதிக நேரம் தட்டச்சு செய்தால் தெரியும். இருந்தாலும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை பரிசாகக் கொடுத்த மின் பிரஷர் குக்கர். எட்டு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. அன்று நேரம் முடிந்து மணி அடித்ததும் ஆவி வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன். சீறல் அடங்கியது. மூடியைத் திருப்பினேன், வழக்கம்போல் லேசாகத் திரும்பியது. அடுத்த நொடி மூடி என் கையைத் தட்டிவிட்டு எகிறியது. கண்ணுக்கு முன்னால் வெறும் வெள்ளை. வலி சில நொடிகள் கழித்துத்தான் வந்தது.

ஏன் அவ்வளவு வேகம் என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். முழு அழுத்தத்தில் உள்ளே இருக்கும் நீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ். மூடி சட்டென்று திறந்தால் அழுத்தம் போய்விடும், அந்த நீரால் 100 டிகிரிக்கு மேல் நீராகவே இருக்க முடியாது. ஒரு லிட்டரில் 40 மில்லிக்குச் சற்றுக் குறைவானது அந்தக் கணமே ஆவியாகும். அந்தக் கொஞ்சூண்டு நீர் 60 லிட்டருக்கு மேல் ஆவியாக விரிந்து, மீதிக் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். என் மேல் விழுந்தது அதுதான்.

கணவர் என் மோதிரத்தையும் கடிகாரத்தையும் உடனே கழற்றிவிட்டு, கையைக் குழாயடியில் 20 நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றார். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதையும் அண்டவிடவில்லை. வீக்கம் வந்த பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். காயம் ஆழமாகாமல் தடுத்ததில் அந்த 20 நிமிடத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொன்னார்.

மருத்துவமனையில், வீட்டில், பக்கத்தில், எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “ஏன் அவசரப்பட்டுத் திறந்தீங்க?” நானும் ஒரு மாதம் அதையே நம்பினேன். கட்டு மாற்றும்போதெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் தூக்கம் வராமல் குக்கரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடி பூட்டியே இருக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். நான் அவசரப்பட்டேனா இல்லையா என்பது வேறு விஷயம். மூடி திறந்திருக்கவே கூடாது. மின் பிரஷர் குக்கர்களுக்கான ஐஇசி 60335-2-15 என்ற பன்னாட்டுத் தரமும் இதைத்தான் கேட்கிறது.

நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் பதில், பில் உங்கள் பெயரில் இல்லையே என்றது. இரண்டாவது பதில் இனிமையாக இருந்தது: பழையதை அனுப்புங்கள், புதியது தருகிறோம், கூடவே இந்தத் தாளில் ஒரு கையெழுத்து. அந்தத் தாளின் நடுவில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. நல்லவேளை, கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “குக்கர் எங்கே இருக்கு? கழுவிட்டீங்களா?”

கழுவவில்லை. அதைப் பார்க்கவே பயந்து ஒரு பெட்டியில் போட்டு மூடி வைத்திருந்தேன். அந்தப் பயம்தான் என்னைக் காப்பாற்றியது.

பில் விஷயத்தை அவர் பொருட்படுத்தவே இல்லை. பிரிட்டனில் 1932-இல் தீர்ப்பான டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் பானத்தை வாங்கியது தோழி, குடித்து நோயுற்றதாகச் சொன்னது இன்னொருவர். ஆனாலும் பயன்படுத்துபவர்மேல் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று தீர்ப்பானது. 1963-இல் கலிஃபோர்னியாவின் கிரீன்மன் வழக்கிலும் காயப்படுத்திய மரவேலை இயந்திரம் மனைவி தந்த பரிசு. குறைபாடுள்ள பொருளால் காயம் என்று காட்டினால் போதும், தயாரிப்பாளரின் அலட்சியத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்றது அந்தத் தீர்ப்பு. ஐரோப்பிய நாடுகள் 1985-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணையில் அதே வழியை எடுத்தன. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்றே, அதாவது குறைபாடுள்ள பொருளால் வரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்பதற்கென்றே, ஓர் அத்தியாயம் இருக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் அதன்படி நுகர்வோர்தான்.

பிறகு பொறியாளர் ஆய்வு, இரு தரப்பும் பார்க்க. அழுத்தம் ஏறினால் மேலெழுந்து மூடியைப் பூட்ட வேண்டிய சின்ன ஊசி ஒன்று உண்டு. அது போய்வரும் துளையின் ஓரத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஓர் உலோகப் பிசிறு. ஊசி பாதியிலேயே சிக்கி நின்றுவிட்டது. அதே மாடலில் வேறொன்றை வாங்கிப் பார்த்தார்கள், அதில் ஊசி வழுக்கிக்கொண்டு போனது. அதனால் இது தயாரிப்புக் குறைபாடு. இரண்டிலும் சிக்கியிருந்தால் வடிவமைப்புக் குறைபாடு என்று வழக்கு வேறு திசையில் போயிருக்கும். எச்சரிக்கை போதவில்லை என்பது மூன்றாவது வகை, எனக்கு அது தேவைப்படவில்லை.

சமரசத்தில் முடிந்தது. தொகையை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். சிகிச்சைச் செலவும் வேலைக்குப் போகாத மாதங்களும் அதில் அடங்கின.

பதில்

மின்சாதனப் பழுது பார்ப்பவன் நான். அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விபத்துக்குப் பிறகு நம்பிக்கையான மெக்கானிக்கிடம்கூடக் கழற்றக் கொடுக்காதீர்கள். திருகைத் தொட்டாலே “நீங்கள்தான் மாற்றினீர்கள்” என்பார்கள். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, நாலா பக்கமும் படம் எடுங்கள். கேஸ்கெட் (மூடியின் ரப்பர் வளையம்), மூடி, அடியில் ஒட்டிய வரிசை எண் எல்லாம் தெரிய வேண்டும். சுவரில் தெறித்ததைத் துடைக்கும் முன் அதையும் எடுங்கள். விபத்துக்கு முன்பே வேறு கம்பெனி கேஸ்கெட் போட்டிருந்தால் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும்.

மூடி பிரச்சினை ஒருவருக்கு மட்டும் வருவதும் இல்லை. அமெரிக்காவில் 2025 மே மாதம் நிஞ்சா ஃபூடி குக்கர்கள் சுமார் 18 லட்சம் ரீகால் ஆயின, அதாவது குறைபாட்டுக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. சமைக்கும்போதே மூடி திறக்க முடிந்ததுதான் காரணம், நூற்றுக்கு மேல் தீக்காயப் புகார்கள். 2020-இல் கிராக்-பாட் எக்ஸ்பிரஸ் 9 லட்சத்துக்கு மேல், அதிலும் மூடிதான். உங்கள் மாடல் எண்ணை அரசின் ரீகால் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

பதில்

எனக்குக் கெட்டில். தூக்கும்போது கைப்பிடி கையோடு வந்துவிட்டது, கெட்டில் கொதிநீரோடு கீழே விழுந்தது. என் மகனுக்கு அப்போது மூன்று வயது, காலருகே நின்றான். தொடையில் அவன் உள்ளங்கையைப் போல மூன்று மடங்கு அகலத்துக்கு வெந்துபோனது. உள்ளங்கை, விரல்கள் சேர்த்தால் உடம்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம், இதை நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் செய்த தவறு, மறுநாளே கோபத்தில் கெட்டிலைக் கடையில் கொண்டுபோய் வீசிவிட்டு வேறொன்று வாங்கி வந்தது. இப்போது கையில் ஒன்றுமில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது. இனி கேட்டு என்ன பயன் என்றுதான் இருக்கிறேன்.

பதில்

முதலில் எழுதியது நான்தான். அம்மா, காலம் முழுசாகப் போய்விடவில்லை. இந்தியச் சட்டத்தில் இரண்டு வருடம், ஐரோப்பிய ஆணையில் விஷயம் தெரிந்ததிலிருந்து மூன்று வருடம். குழந்தைக்கான காலக்கெடுவைப் பல நாடுகள் தனியாகக் கணக்கிடுகின்றன. உங்கள் நாட்டுக்கு எது என்று இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடமோ நுகர்வோர் அமைப்பிடமோ கேட்டுவிடுங்கள். கெட்டில் இல்லாவிட்டாலும் மருத்துவக் குறிப்பு இருக்கும், கடையில் திரும்ப எடுத்ததற்குச் சீட்டு இருக்கும். பழைய புகைப்படங்களைத் தேடுங்கள். சமையலறையில் எடுத்த படங்களின் ஓரத்தில் கெட்டில் தெரிகிறதா? மாடல் தெரிந்தால், அதே கைப்பிடி வேறு யாருக்காவது கழன்றதா என்று தேடலாம்.

பதில்

நேற்று இரவு முழுக்கத் தேடினேன். மகன் மேடைமேல் உட்கார்ந்து சிரிக்கும் படம் ஒன்று, பின்னால் கழுவிக் கவிழ்த்து வைத்த கெட்டில். பெரிதாக்கினால் அடியில் உள்ள எண் படிக்க முடிகிறது. வழக்கறிஞரை வியாழக்கிழமை பார்க்கப் போகிறேன்.