ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர் இதயத்துக்காக எந்தெந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்?

கெடிலக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். சென்ற ஆண்டு முதல் பயிற்சியாளர் சொன்னபடி, தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளான டெஸ்டோஸ்டிரோன் ஊசியும், இடையிடையே ஸ்டானசோலால் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். இது சரியா தவறா என்ற விவாதத்துக்காக இங்கே வரவில்லை. என் தந்தைக்கு 50 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். ஈசிஜி எடுத்ததில் குறை எதுவும் இல்லை என்றார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் சற்றுக் கூடியிருந்தன. அதைப் பார்த்த பயிற்சியாளர் ஒரு லிவர் டானிக்கைக் கொடுத்து, இதைக் குடித்து வந்தால் எந்த உறுப்புக்கும் பாதிப்பு வராது என்கிறார். இதயத்தைப் பொறுத்தவரை நான் உண்மையில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கோரிமேடு பொதுமருத்துவன் (புதுச்சேரி):

உங்கள் பயிற்சியாளர் கல்லீரலைப் பற்றிப் பேசுகிறார், நீங்களோ இதயத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்த டானிக்குக்கும் இதயத்துக்கும் தொடர்பில்லை. கடுமையாக எடை தூக்குபவர்களுக்குத் தசையிலிருந்தே எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கூடக்கூடும், அது கல்லீரலிலிருந்து வருகிறதா என்று அறிய ஜி.ஜி.டி. என்ற மற்றொரு நொதியின் அளவு உதவும்.

ஈசிஜி இயல்பாக இருந்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அது இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டுமே தவிர, இதயத் தசை எவ்வளவு தடித்திருக்கிறது, எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதை அளந்து சொல்லாது. அதற்கு எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) வேண்டும். 2017-இல் 'சர்க்குலேஷன்' இதழில் வெளியான ஓர் ஆய்வில் 140 எடை தூக்குநர்களின் இதயத்தைப் பார்த்தார்கள். அவர்களில் 86 பேர் ஸ்டீராய்டு பயன்படுத்தியவர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்று அளந்தபோது, பயன்படுத்தாதவர்களுக்குச் சராசரி 63 விழுக்காடாகவும் பயன்படுத்தியவர்களுக்கு 52 விழுக்காடாகவும் இருந்தது. மருந்தை விட்டிருந்தவர்களின் நிலை, அப்போது எடுத்துக்கொண்டிருந்தவர்களின் நிலையைவிட மேலாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயன்றால் எக்கோவில், துடிக்கும்போது இதயத் தசை எவ்வளவு குறுகுகிறது என்று காட்டும் 'ஸ்ட்ரெயின்' அளவையும் கேளுங்கள். சுருங்கும் திறன் வெளிப்படையாகக் குறையும் முன்பே அது மாற்றத்தைக் காட்டக்கூடும்.

அடுத்தது இரத்தக் கொழுப்பு. இங்கே ஊசியைவிட மாத்திரைதான் அதிகக் கேடு செய்கிறது. 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் ஸ்டானசோலால் எடுத்த எடை தூக்குநர்களுக்கு நல்ல கொழுப்பான எச்.டி.எல். 33 விழுக்காடு குறைந்தது; வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது 9 விழுக்காடுதான் குறைந்தது. கூடங்களில் புழங்கும் அளவுகள் இவற்றைவிடப் பெரியவை என்பது உங்களுக்கே தெரியும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லுடன், அத்தகைய கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அபோ-பி அளவையும் பாருங்கள். நெருங்கிய ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதையே ஒரு தனி ஆபத்துக் காரணியாக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். எனவே மற்றவர்களுக்குப் பரவாயில்லை எனப்படும் எண் உங்களுக்குப் பொருந்தாது.

இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே, காலையும் மாலையும், அமர்ந்து சற்று ஓய்வெடுத்த பிறகு அளந்து குறித்து வையுங்கள். சராசரி 135/85-ஐத் தொட்டால் மருத்துவரைப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களின் புயத்துக்குக் கருவியின் சாதாரணப் பட்டை சிறியதாக இருக்கும், அளவைக் கூட்டிக் காட்டும்; பெரிய பட்டை வாங்குங்கள்.

வெள்ளிக்கடற்கரை (கடலூர்):

டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தைக் கெட்டியாக்கும் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கூடத்தில் சிலர் அவ்வப்போது இரத்த தானம் செய்து அதைச் சமாளித்துவிடுகிறார்கள். பிறருக்கும் பயன், நமக்கும் பயன் அல்லவா?

ஆய்வகத்துக்காரர் (முத்தியால்பேட்டை):

அதை ஒரு வழிமுறையாக யாருக்கும் சொல்லாதீர்கள், நண்பரே. அடிக்கடி இரத்தம் கொடுத்தால் உடலில் இரும்புச் சத்து வற்றும். கெட்டியாவதற்குக் காரணமான மருந்தோ உடலில் அப்படியே இருக்கும். மேலும், தானம் செய்யும் இடத்தில் மருந்து விவரத்தை மறைத்தால் பாதிப்பு இரத்தம் பெறுபவருக்கும் போகலாம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமாட்டோக்ரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால், மருத்துவர் எழுதிக் கொடுத்து முறையாக டெஸ்டோஸ்டிரோன் பெறுபவருக்கே ஊசியை நிறுத்திவிடுவார்கள். எங்கள் அறிக்கையில் அது பி.சி.வி. என்ற பெயரிலும் இருக்கும்.

மாதிரி கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முந்தைய ஒரு வாரமாவது எடை தூக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் வியர்த்து நீர் குறைந்த உடலோடு வந்தால் ஹீமாட்டோக்ரிட் கூடித் தெரியும். எனவே முதல் நாள் நன்றாக நீர் அருந்திவிட்டுக் காலையில் வாருங்கள். தசை அதிகமுள்ளவர்களுக்கும் கிரியாட்டின் பொடி எடுப்பவர்களுக்கும் சிறுநீரகச் செயல்பாட்டை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் இயல்பாகவே உயர்ந்திருக்கும். சிறுநீரகத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால், தசையால் அவ்வளவு மாறாத சிஸ்டாட்டின்-சி அளவைப் பாருங்கள்.

கெடிலக்கரை (கடலூர்):

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் திட்டி அனுப்பிவிடுவாரோ என்ற தயக்கம் இருக்கிறது. அடுத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாமா?

கோரிமேடு பொதுமருத்துவன் (புதுச்சேரி):

திட்டினாலும் சொல்லுங்கள், மருந்தின் பெயர் தெரியாமல் எக்கோவைப் பார்ப்பவர், தடித்த சுவரைப் பயிற்சியால் வந்தது என்று எண்ணி விட்டுவிட வாய்ப்புண்டு. மாத்திரையை இன்றே நிறுத்தலாம். ஊசியை நிறுத்தினால், உங்கள் உடலின் சொந்தச் சுரப்பு மீள்வதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை சோர்வும் மனச்சோர்வும் வரக்கூடும். அதைத் தாங்க முடியாமல் பலர் மீண்டும் ஊசிக்கே போகிறார்கள் என்பதால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரை முன்கூட்டியே பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை தொலைவில்லை, அங்கே இதயப் பிரிவும் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: இத்தனை பரிசோதனைகளும் கேட்டைத் தாமதமின்றிக் கண்டுபிடிக்க உதவும், கேடு நேராமல் தடுக்காது. கொழுப்பைக் கரைக்கிறேன் என்று கிளென்புட்டெராலையும், போட்டிக்கு முன் நீரை வெளியேற்றும் மாத்திரைகளையும் சேர்த்துவிட்டால் பொட்டாசியம் குறைந்து துடிப்பே தடுமாறலாம். அதற்கு முன்னறிவிப்பு எந்த அறிக்கையிலும் இராது. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அறிக்கைகளைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். படுத்தால் மூச்சு முட்டினாலோ கால் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எக்கோ முடிந்ததும் எண்களை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.