தேனியிலிருந்து ஒரே நாளில் மூணாறும் இரவிகுளமும்: போகலாமா, வேண்டாமா?

தேனி_வெயில்:
ஒரு வாரமாக எங்கள் வீட்டில் நடக்கும் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன். அரையாண்டு விடுமுறை, வரும் சனிக்கிழமை மூணாறு போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஐந்தாவதும் இரண்டாவதும் படிக்கும் பிள்ளைகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, போடிமெட்டு ஏறி, இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்த்து, மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயின்ட், டாப் ஸ்டேஷன், கடைசியாக டவுனில் டீத்தூள். ராத்திரி பத்துக்குள் வீடு. மச்சான் சொல்கிறார், "இது டூர் இல்ல மாப்ள, டிரைவருக்குக் கொடுக்கிற தண்டனை." வண்டி ஓட்டப்போவது நான்தான். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பித்தன்:
உங்கள் மச்சான் பேச்சைக் கேளுங்கள். விடுமுறைச் சனிக்கிழமை மூணாறில் நீங்கள் பார்க்கப்போவது முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான். மலையில் பார்க்க வேண்டிய நேரம் இரண்டே: விடிகிற நேரம், பொழுது சாய்கிற நேரம். அந்த இரண்டு நேரமும் நீங்கள் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு ராத்திரி தங்க முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் மேகமலை, சுருளி என்று எங்காவது போய்விட்டு வாருங்கள். மூணாறு எங்கேயும் ஓடிப்போகாது.

ஒருநாள்_ராசா:
தங்க வசதி இருக்கிறவன்தான் மலை பார்க்கணும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது அண்ணே? விடுமுறை நாளில் ஆறு பேருக்கு இரண்டு அறை போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் ஆறு முறை ஒரே நாளில் போய் வந்தவன். போடியிலிருந்து மூணாறு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். விடியலில் பூப்பாறை, தேவிகுளம் பக்கம் தாண்டும்போது கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பால் பொங்கின மாதிரி கிடக்கும். அதற்கே போகலாம். விடியல் பார்க்க முடியாது என்கிறீர்களே, நான் பார்த்த விடியலெல்லாம் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு பார்த்ததுதான்.

தேனி சார், திட்டம் சரி. இரவிகுளத்துக்கு மட்டும் இணையத்தில் டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

மலைப்பித்தன்:
ஆறு முறை போனீர்கள் சரி, என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்களேன்.

ஒருநாள்_ராசா:
ஆறாவது முறை ஒரு கிடா வரையாடு என் முழங்கையை உரசிக்கொண்டு ரோட்டைக் கடந்தது. நீங்கள் பார்த்தீர்களா?

சோலைமந்தி:
சண்டைக்கு நடுவே தகவல் கொஞ்சம். பூங்கா மொத்தம் 97 சதுர கிலோமீட்டர். 1975இல் சரணாலயம் ஆனது, 1978இல் தேசியப் பூங்கா. அதில் நமக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டும். சொந்த வண்டியைக் கீழே உடுமலைச் சாலையிலேயே நிறுத்திவிட வேண்டும். வனத்துறை பஸ் மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து தார் ரோட்டில் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 2,695 மீட்டர் ஆனைமுடியை அண்ணாந்து பார்க்கலாம், ஏறமுடியாது. மாலை நாலு மணியோடு கதை முடிந்தது.

ஆகவே இரண்டு நாள் தங்கினாலும் பூங்காவுக்குள் நீங்கள் பார்க்கப்போவது அதே ரோடு, அதே இரண்டு மணி நேரம். இந்த விஷயத்தில் மலைப்பித்தன் சொல்வது எடுபடாது.

இன்னொன்று. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். வரையாடு குட்டி போடும் காலம் அது. தள்ளிப்போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பித்தன்:
அப்படியானால் அந்த இரண்டு மணி நேரத்துக்காக இரண்டு குழந்தைகளையும் முழங்கால் வலிக்காரரையும் பதினெட்டு மணி நேரம் காரில் அடைக்க வேண்டுமா? நீங்கள் சொல்வது எனக்குத்தான் ஆதரவு.

நான் கோபப்படுவது தேனி சார் மேல் இல்லை, இந்தப் பட்டியல் மேல். வரையாடு, அணை, எக்கோ பாயின்ட், டாப் ஸ்டேஷன். கல்யாண வீட்டுக்கு மளிகைச் சாமான் எழுதின மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, போட்டோ எடுத்து, ஏறி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. மூணாறுக்கும் வரவேண்டும், அதில் ஒருநாள் வண்டிகளுக்கு எண்ணிக்கை வைக்க வேண்டும்.

லயத்துப்_பிள்ளை:
நான் பிறந்தது மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா 30 வருஷத்துக்கும் மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது வேலைக்காகக் கோவையில் இருக்கிறேன். இந்தப் பேச்சைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

மலைப்பித்தன் சார், இரண்டு ராத்திரி தங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறீர்கள். எங்கே தங்குவது? அந்த அறை எங்கே நிற்கிறது? எங்கள் மலைச்சரிவை வெட்டித்தான். 2007இல் அரசே ஜேசிபி கொண்டுவந்து ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடித்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்கப்புறமும் கட்டுவது நிற்கவில்லை. சாயங்காலம் இறங்கிப் போகிறவருக்கு எங்கள் ஊரில் மூன்று மாடி தேவையில்லை, நீச்சல் குளம் தேவையில்லை. அந்த வகையில் ஒருநாள் ஆள்தான் எங்களுக்கு நல்லவர்.

ராசா அண்ணா, சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது. சீசன் சனிக்கிழமையில் டவுன் பாலத்தருகே வண்டிகள் சிக்கிக்கொண்டால் எஸ்டேட் ஜீப்பில் பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணும் அதே வரிசையில்தான் நிற்கணும். என் சித்திக்கு நடந்தது. ஒன்றரை மணி நேரம். குழந்தை நன்றாக இருக்கிறது, இப்போது ஒன்பதாவது படிக்கிறான், ஆனால் சித்தி இன்றைக்கும் ஹாரன் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரே நாளில் வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சனி ஞாயிறு, கிறிஸ்துமஸ், பொங்கல் வேண்டாம். முடிந்தால் பஸ்ஸில் வாருங்கள்.

ஒருநாள்_ராசா:
தங்கச்சி, சனிக்கிழமை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸில் வா என்பது தனி ஆளுக்குச் சரி. வாந்தி எடுக்கிற பிள்ளை, மாத்திரை டப்பா, சோற்றுத் தூக்கு, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறிப் போகச் சொல்கிறீர்களா?

மலைப்பித்தன்:
லயத்துப் பிள்ளை சொன்ன கட்டட விஷயம் நான் யோசிக்காதது. சரிவை வெட்டிய விடுதி வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்குகிறவர் பணம் ஊரில் தங்குகிறது. சமையல்காரர், ஜீப் ஓட்டுகிறவர், துணி துவைக்கிறவர் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்தானே? ஒருநாள் ஆள் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போய், தின்றுவிட்டு, தட்டைப் புல்லில் போட்டுவிட்டு வருகிறார். ஊருக்கு மிச்சம் அந்தத் தட்டு.

லயத்துப்_பிள்ளை:
அந்தத் தட்டைப் பொறுக்குவதும் எங்கள் ஆட்கள்தான் சார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் வேலைகள் உண்டுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் தம்பியே ஜீப் ஓட்டுகிறான்.

இன்னொன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். வரையாடு பார்க்க நீங்கள் ஏறும் அதே ராஜமலை வழியாகத்தான் பெட்டிமுடி போகணும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண் சரிந்து லயங்களை மூடிய இடம். 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்து வேர் உள்ளவர்கள் நிறையப் பேர். பஸ்ஸில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? துக்கம் கேட்கச் சொல்லவில்லை. அந்த மலை வெறும் பச்சைப் போர்வை இல்லை, ஆட்கள் இருக்கிற இடம்.

தேனி_வெயில்:
இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பதில் போட முடியவில்லை. சனிக்கிழமையை விட்டுவிட்டோம். வேறு எப்போது போகலாம்?

சோலைமந்தி:
பொங்கல் கூட்டமும் சபரிமலை வண்டிகளும் ஓய்ந்தபிறகு, ஜனவரி கடைசிக்குள் ஒரு செவ்வாய், புதன். பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போடுங்கள், வாத்தியார் கோபித்துக்கொண்டால் வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று சொல்லுங்கள். அதை உலகத்திலேயே அதிகமாகப் பார்க்கக்கூடிய இடம் கேரளத்தில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

நீங்கள் குடிப்பது வைகைத் தண்ணீர். உடுமலைக்காரர்கள் இந்த மலைக்குக் கடன்பட்டவர்கள். இரவிகுளத்தின் புல்வெளியில் விழும் மழையில் ஒரு பங்கு பாம்பாறாகி அமராவதி அணைக்கு வருகிறது, மறு பங்கு பெரியாற்றுக்கு இறங்குகிறது. புல் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்து, மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பஸ்ஸிலிருந்து பார்த்தால் மொட்டை மலை மாதிரி தெரியும். "மரமே இல்லையே, நட்டால் என்ன?" என்று கேட்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நடக்கூடாது. அந்தப் புல்தான் காடு.

குறிஞ்சிப் பூ எப்போது என்று கேட்பீர்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: 12 ஆண்டுக்கு ஒருமுறை. போன முறை 2018, அந்த ஆகஸ்ட் வெள்ளத்தில் பாதி சீசன் போய்விட்டது. அடுத்தது 2030.

ஒருநாள்_ராசா:
டாப் ஸ்டேஷனை விட்டுவிடாதீர்கள் தேனி சார். அந்தப் பெயரே உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்தில் மூணாறிலிருந்து தேயிலை ரயிலில் அங்கே வரும், அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடிக்கு. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

மலைப்பித்தன்:
ஆரம்பித்துவிட்டார் பட்டியலை. டாப் ஸ்டேஷன் போக வர நாலு மணி நேரத்தைச் சாப்பிடும். விட்டுத்தள்ளுங்கள். ஒரே இடம்.

(மூன்று வாரம் கழித்து)

தேனி_வெயில்:
போய் வந்துவிட்டோம். புதன்கிழமை. கார்தான், மன்னிக்கவும் லயத்துப் பிள்ளை.

நாலு மணிக்குக் கிளம்பியதால் மூணாறு தாண்டும்போது ஏழரை. வழியில் ஒரு புல்தரை முழுக்க உப்புத் தூவின மாதிரி வெள்ளை. உறைபனி. சின்னவன் இறங்கி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்லப்பா" என்று தீர்ப்புச் சொன்னான். அம்மா இரண்டு சால்வை போர்த்தியும் பல் கிட்டியது.

இரண்டாவது பஸ்ஸிலேயே மேலே போய்விட்டோம். ஏறும்வரை தேயிலை, ஒரு வளைவுக்கப்புறம் சட்டென்று புல். முதல் அரை மணி நேரம் மூடுபனி, ஒன்றுமே தெரியவில்லை. அப்பா தடுப்புச்சுவரில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏதோ மெல்லுகிற சத்தம். திரும்பினால் ஒரு பெட்டை வரையாடு, கைக்கெட்டும் தூரத்தில், தாடை மட்டும் இடவலமாக ஆடுகிறது. மூத்தவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். வனக்காவலர் எங்கிருந்து வந்தாரோ, "மோளே, வேண்டா" என்றார். பாக்கெட் பைக்குள் போய்விட்டது. அப்பா மட்டும் அசையவே இல்லை. அவர் சின்ன வயதில் ஆண்டிபட்டிப் பக்கம் ஆடு மேய்த்தவர். அரை மணி நேரம் அதன் குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாறையில நிக்கிற குளம்புடா இது, நம்ம ஆட்டுக்கு இப்படி வராது" என்றார்.

பனி விலகி ஆனைமுடி தெரிந்தது ஒரு பத்து நிமிடம். அதோடு சரி. மாட்டுப்பட்டி போகவில்லை, டாப் ஸ்டேஷன் போகவில்லை. டவுனில் சாப்பிட்டு, டீத்தூள் வாங்கி, மூன்று மணிக்கு இறங்கிவிட்டோம். புளிசாதத் தட்டு வீட்டுக்கே திரும்பி வந்தது, மலைப்பித்தன் சார் கவனிக்க.

மலைப்பித்தன்:
கவனித்தேன். பத்து நிமிட ஆனைமுடி. இரண்டு நாள் இருந்திருந்தால் இருபது நிமிடம் கிடைத்திருக்கும்.

ஒருநாள்_ராசா:
இல்லையென்றால் இரண்டு நாளும் மூடுபனி கிடைத்திருக்கும்.

லயத்துப்_பிள்ளை:
தேனி அண்ணா, கார் பரவாயில்லை. அப்பா முழங்கால் எப்படி இருக்கிறது?

தேனி_வெயில்:
வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. 2030க்கு இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்கிறார்.