நம்மட வீட்டு ஆக்கள் (குடும்ப குறூப் சாட்): ரஜனிட ஹோல் வேலை

ரஜனி: மட்டக்களப்பு கல்லடி வீட்டு ஹோல் 14க்கு 12 அடி, உயரம் 10 அடி. சாம்பல் செவர், வெள்ளை டைல், ரெண்டு டியூப் லைட். வாற ஆக்களெல்லாம் டிஸ்பென்சரி மாதிரி இரிக்கு எண்டுறாங்க. இப்ப எல்லாரும் போடுற கிறீம், மண் நிறம், பிரம்பு லாம்பு, அப்பிடி மாத்தணும். மாரிக்கு முதல் முடிக்கணும். முதல்ல பெயிண்ட்தானே?

சுதன் அத்தான்: இல்ல. முதல்ல பல்ப்.

சுதன் அத்தான்: உங்கட டியூப் 6500 கெல்வினா இரிக்கும், அது வெளிச்ச நிறத்திட எண்; 6500 எண்டா நீலம் கலந்த வெள்ளை. அந்த வெளிச்சத்தில எந்த மண் நிறமும் செத்துத்தான் தெரியும். அதுக்குக் கீழ நிண்டு பெயிண்ட் தெரிவு செஞ்சா, மறுகா பல்ப மாத்தினதும் நிறம் வேறயாகிடும். பெட்டியில 2700 அல்லது 3000 எண்டு போட்டிருக்கிறத எடுங்க, அது மஞ்சள் கலந்த வெள்ளை. ‘வோர்ம் வைட்’ எண்டு மட்டும் இருந்து எண் இல்லாட்டி வேணாம். சிஆர்ஐ (நிறத்த எவ்வளவு சரியாக் காட்டும் எண்ட எண்) 80க்குக் குறையாம, கிடைச்சா 90. அது குறைஞ்சா மரத் தளபாடம் மங்கிப்போய்த் தெரியும்.

மாமி: மஞ்சள் பல்ப் போட்டா ஹோல் இன்னும் வேகுமே தம்பி? கச்சான் காத்து நேரம் இப்பவே இரிக்கேலாது.

சுதன் அத்தான்: வேகாது மாமி. எல்ஈடியில நிறம் வேற, சூடு வேற. 9 வாட் வெள்ளையும் 9 வாட் மஞ்சளும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான். பழைய கம்பி பல்ப்தான் சுட்டது.

ரஜனி: எத்தினை பல்ப் போடுற?

சுதன் அத்தான்: அந்த அளவு ஹோலுக்கு மொத்தம் 2000 லூமன் (வெளிச்சத்திட அளவு) சுத்திவர போதும். ஆனா அத ஒரே இடத்தில குடுக்காதீங்க. சீலிங்கில ஒரு 9 வாட் (800 லூமன் கிட்ட வரும்), ரெண்டு மூலையில 7 வாட் லாம்பு, வாசிக்கிற கதிரைக்குப் பக்கத்தில ஒரு 5 வாட். ஸ்டாண்ட் லாம்பு ஷேட்டிட அடி விளிம்பு, இருக்கிற ஆளிட கண் மட்டத்தில, நிலத்தில இருந்து 40, 42 அங்குலத்தில வரணும். மேல போனா பல்ப் கண்ணுக்க குத்தும். பழைய டியூப் ரெண்டில ஒண்ட மட்டும் கழட்டாதீங்க, தனி சுவிச்சில விடுங்க. கூட்டித் துடைக்கவும் புள்ளைகள் படிக்கவும் அது வேணும்.

சுதன் அத்தான்: பல்ப் வாங்க முதல் ஹோல்டர் பின்னா ஸ்குறூவா எண்டு பாருங்க. லாம்புக்கு 13 அம்பியர் பிளக் போட்டா உள்ள இரிக்கிற பியூஸ 3 அம்பியருக்கு மாத்துங்க. 13 பியூஸ் கிடந்தா மெல்லிய வயர் உருகினாலும் அது போகாது. மூடின கண்ணாடிக் கூட்டுக்குள்ள எல்ஈடி போடாதீங்க, சூடு வெளியேறாம பல்புக்குள்ள கரண்ட் குடுக்கிற டிரைவர் சீக்கிரம் போயிடும். பிரம்பு ஷேட் நல்லம், காத்து ஓடும்.

ரஜனி: டிவிக்குப் பின்னால ஸ்டிரிப் லைட்?

சுதன் அத்தான்: போடலாம். 12 வோல்ட் ஸ்டிரிப் எண்டா ஒரு பக்கத்தால பவர் குடுத்து 5 மீற்றருக்கு மேல ஓட்டாதீங்க, கடைசி மங்கும். மீற்றருக்கு 4.8 வாட் எண்டா 5 மீற்றருக்கு 24, அதோட 20 வீதம் கூட்டி 30 வாட் பவர் சப்ளை. வெட்டுறது கோடு போட்ட இடத்தில மட்டும். அலுமினியம் சட்டமும் பால் நிற மூடியும் இல்லாட்டி செவரில புள்ளி புள்ளியா தெரியும். நிறம் மாறுற ஸ்டிரிப் மட்டும் வேணாம் கா, கலியாண மண்டபம் ஆகிடும்.

குணம் மாமா: இப்ப பெயிண்ட். மகள், நிறத்த போனில பாத்து எடுக்காத. வருசா வருசம் ஒரு நிறத்தச் சொல்ற பான்டோன் கொம்பனிக்காரன் 2025க்கு மோக்கா மூஸ் எண்டு பால்கோப்பி நிறத்தச் சொன்னான், 2026க்கு கிளவுட் டான்சர் எண்டு வெள்ளைக்குப் போயிட்டான். அவனுக்குப் பின்னால ஓடினா வருசத்துக்கு ஒருக்கா பெயிண்ட் அடிக்கிற பாஸுக்குச் சல்லி குடுக்கணும். மூணு செவருக்கு மஞ்சள் சாயல் உள்ள கிறீம், சோபாவுக்குப் பின் செவருக்கு மட்டும் செங்கல் மண் நிறம். 2 அடிக்கு 2 அடி மட்டையில ரெண்டு பூச்சு அடிச்சு, புது பல்புக்குக் கீழ இரவிலயும், காலம்பற வெயிலிலயும் வச்சுப் பார்.

குணம் மாமா: அளவு: சுத்து 52 அடி, உயரம் 10, 520 சதுர அடி. கதவு ஜன்னல் கழிச்சா 440. லீற்றருக்கு ஒரு பூச்சு 110 சதுர அடி கணக்கில ரெண்டு பூச்சுக்கு நாலு செவருக்கும் 8 லீற்றர், அதில கிறீம் 6 லீற்றர் கிட்ட, மிச்சம் செங்கல் நிறம். மினுக்கம் இல்லாத மெற் எமல்ஷன் எடு. மினுக்கம் கூடினா மூலை லாம்பு வெளிச்சத்தில மேசன் விட்ட மேடு பள்ளமெல்லாம் தெரியும். சாம்பலுக்கு மேல கிறீம் போறதால அடியில வெள்ளை பிறைமர் ஒரு பூச்சு கட்டாயம்.

தேவி அக்கா: கேர்ட்டனுக்கு மருதமுனை கைத்தறி எடு. வெல்வெட் எடுத்தா மாரிக்குப் பூஞ்சணம் பிடிக்கும். சாரம் துணி மெல்லிசு, தடிச்ச நூல் கேள். ஜன்னல் அகலம் எவ்வளவு?

ரஜனி: 4 அடி. மேல் விளிம்பு நிலத்தில இருந்து 7 அடி.

தேவி அக்கா: அப்ப கம்பி ரெண்டு பக்கமும் 6 அங்குலம் கூட, 5 அடி. சுருக்கு விழ இரட்டிப்பு, 10 அடி. துணி 45 அங்குல அகலம் எண்டா மூணு துண்டு. கம்பிய ஜன்னலுக்கு மேல 6 அங்குலத்தில அடி, நிலம் வரைக்கும் 90. மேல் மடிப்பு 4, அடி மடிப்பு 4, சுருங்குறதுக்கு 8 வீதம். ஒரு துண்டு 2.7 மீற்றர் வரும். மூணுக்கும் 8.1, எட்டே கால் மீற்றரா எடு.

தேவி அக்கா: தைக்க முதல் தண்ணியில ஊறவச்சு நிழலில காயப்போடு. தைச்ச பிறகு கழுவினா நிலத்தில இருந்து நாலு விரல் மேல ஏறி நிக்கும். செங்கல் நிறத் துணிய முதல்ல தனியா ஊறவை, சாயம் இறங்கும். கடல் பக்க ஜன்னலுக்கு பின்னால வெள்ளைப் பருத்தி லைனிங் போடு, காலை வெயில் நிறத்தத் தின்னும்.

மாமி: தரைக்கு பன்பாய் போடு புள்ள. கார்ப்பெட் என்னத்துக்கு.

தேவி அக்கா: சரிதான் மாமி, ஆனா வெறும் டைலில பாய் வழுக்கும். ரப்பர் வலை அடியில போடணும், விளிம்ப துணியால கட்டணும். பாய் 5க்கு 8 அடியாவது வேணும், சோபாட முன் கால் ரெண்டும் அதுக்கு மேல நிக்கணும். நடுவில தனியா கிடந்தா ஹோல் இன்னும் சின்னனா தெரியும். மாரியில கிழமைக்கு ஒருக்கா தூக்கி நிமித்தி வைங்க. ரப்பரும் ஈரமும் சேர்ந்தா டைலில மஞ்சள் கறை விழும்.

குணம் மாமா: மகள், செவர் அடிப்பக்கம் படம் ஒண்டு போடு. நான் அத இன்னும் பாக்கல்ல.

ரஜனி: (படம்)

குணம் மாமா: இது உப்புப் பூத்திரிக்கு. வெள்ளைத் தூள், பெயிண்ட் கொப்பளம், எல்லாம் ஒன்றரை அடிக்குக் கீழ. வெளியில மண் மட்டம் எங்க நிக்குது?

ரஜனி: அந்தப் பக்கம் பூமரத்துக்கு மண் கொட்டி உயர்த்தியிருக்கு. உள் தரைய விட கொஞ்சம் மேல.

குணம் மாமா: அதுதான். மண் ஈரம் செவருக்க ஏறுது. தண்ணி உள்ள காஞ்சு, உப்ப மேல விட்டுட்டுப் போகுது. இதுக்கு உள்ளால வோட்டர்புறூஃப் அடிச்சா ஈரம் இன்னும் மேல ஏறித்தான் வெளிய வரும். வெளி மண்ண உள் தரையில இருந்து 6 அங்குலம் கீழ வெட்டு. கொப்பளத்துக்கு மேல ஒரு அடி வரைக்கும் பூச்ச கொத்தி எடுத்துட்டு செவர காயவிடு. ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடு. உள்பக்கம் நீர்முத்து பிடிச்சா செவர் இன்னும் காயல்ல.

ரஜனி: மாரிக்கு முதல் காயுமா மாமா?

குணம் மாமா: காயா. மத்த மூணையும் இப்ப அடி, இந்தச் செவர பொங்கல் கழியும் வரைக்கும் விடு. புதுப் பூச்சு போட்டா ஒரு மாசம் கழிச்சுத்தான் பெயிண்ட்.

ரஜனி: அப்ப நிறம் ஒத்து வருமா?

குணம் மாமா: அது செங்கல் நிறச் செவரா?

ரஜனி: இல்ல, கிறீம்.

குணம் மாமா: கிறீம் டின் எல்லாத்தையும் ஒரு பெரிய வாளியில ஒண்டாக் கலக்கிட்டு அடி. மிச்சத்த இறுக்கி மூடி வை. கடையில நிறம் கலக்கிற மிஷின் டின்னில ஒட்டின கோட் ஸ்டிக்கரையும் படம் எடுத்து இங்க போடு. மிச்சம் போதாட்டி அந்தக் கோட்டில இன்னும் ஒரு லீற்றர் கலக்கலாம். மூலையில இருந்து மூலைக்கு முழுச் செவரா அடிச்சா, கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியா.

சுதன் அத்தான்: மாமா, செவர் கொத்துற நேரம் அதில பிளக் வயர் ஓடுதா எண்டு கேட்டுட்டுக் கொத்தச் சொல்லுங்க. மெயின் சுவிச்ச நிறுத்திட்டு.