கம்ப்ரசர் காத்து கைக்குள்ள

தம்பி (மாலை 6:12): அக்கா இருக்கியா? வலது கை முழங்கை வரைக்கும் உப்பிப்போச்சு. அழுத்தினா உள்ள சருகு நொறுங்குற மாதிரி நறநறங்குது.

அம்மா: ஐயோ, பூச்சி ஏதாவது கடிச்சுதாடா?

தம்பி: இல்லம்மா. 3 மணிக்கு ஏர் ஹோஸால மெஷினைத் துடைச்சிட்டிருந்தேன். விரல்ல ஒரு சின்ன வெட்டு இருந்துச்சு. காத்து அதுமேல அடிச்சிருச்சு. கொஞ்ச நேரத்துலயே வீங்கிருச்சு.

மாமா: எண்ணெய் தடவி நல்லா நீவி விடு மாப்ள, வடிஞ்சிரும்.

அக்கா: வேண்டாம் மாமா! நீவினா காத்து இன்னும் மேல ஏறும். டேய், வலி எப்படி? காய்ச்சல்? தோல் கறுத்திருக்கா, கொப்புளம் இருக்கா? விரல் மரத்துப்போச்சா?

தம்பி: இறுக்கமா இருக்கு, வலி பெருசா இல்ல. மத்த எதுவும் இல்ல. விரல் நல்லா மடங்குது.

அக்கா: அப்பாடா. மோதிரத்தைக் கழட்டிட்டு இப்பவே எமர்ஜென்சிக்குப் போ. கம்ப்ரசர்னு மறக்காம சொல்லு, காத்தோட எண்ணெயும் தூசியும் உள்ள போயிருக்கலாம்.

அம்மா: வலி இல்லைன்னா காலைல போகக் கூடாதா?

அக்கா: கூடாதும்மா. தோலுக்கடியில காத்து ரெண்டு விதமா வரும். வெளியிலேருந்து புகுந்ததுன்னா சில நாள்ல தானா கரைஞ்சிரும். ஆனா கிளாஸ்ட்ரிடியம் மாதிரி கிருமி சதையை அழிச்சு உண்டாக்குற வாயுவும் இருக்கு. அது மணிக்கணக்குல பரவி உயிரையே எடுக்கும். தொட்டுப் பார்த்தா ரெண்டும் ஒரே நறநறதான். காயம் பட்டதும் காத்து தெரிஞ்சு, ஆளும் தெம்பா இருந்தா பெரும்பாலும் முதல் வகை. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு, தாங்க முடியாத வலி, காய்ச்சல், படபடப்போட வந்தா ரெண்டாவதுன்னு பயப்படணும். சிலருக்கு அது 6 மணி நேரத்துலயே ஆரம்பிச்சிரும். அதனாலதான் போன்ல கேட்டு நான் முடிவு பண்ண மாட்டேன்.

மாமா: நான் வண்டி எடுத்துட்டு வர்றேன், கிளம்பி நில்லு.

தம்பி (இரவு 9:40): எக்ஸ்ரேல தோலுக்கடியில கறுப்புக் கோடு கோடா காத்து தெரியுது. ரத்தத்துல கோளாறு இல்ல. காயத்தைக் கழுவி, டிடி ஊசியும் (டெட்டனஸ் வராம இருக்க) ஆன்டிபயாட்டிக்கும் போட்டாங்க. கிழிக்க வேண்டாமாம். வீக்கம் முடியுற இடத்துல பேனாவால கோடு போட்டிருக்காங்க. ராத்திரி இங்கதான்.

அக்கா: அந்தக் கோட்டைப் பார்த்துட்டே இரு. வீக்கம் தாண்டினாலோ வலி கூடினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடு. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வலியைப் பொறுத்துக்கிட்டுப் படுத்திருந்தவங்களை எங்க வார்டுல பார்த்திருக்கேன். நீ அப்படி இருக்காத. கையைத் தலையணை மேல தூக்கி வை.

அம்மா: நான் தூங்கலை, எப்ப வேணா கூப்பிடு.

தம்பி (காலை 6:55): 📷 கோட்டுக்கு உள்ளயே ரெண்டு விரக்கடை இறங்கியிருக்கு. வலியும் இல்ல.

அக்கா: கண்ணு கலங்குதுடா. முழுசா வத்த ஒரு வாரம்கூட ஆகலாம், மாத்திரையை நடுவுல நிறுத்திடாத.

மாமா: பாப்பா, இத்தனை வருஷமா சட்டைத் தூசியை நான் ஏர் ஹோஸாலதான் தட்டுறேன்.

அக்கா: இன்னியோட விட்டுடுங்க மாமா. பிரஷ் வெச்சுக்கோங்க.